கொங்கு நாட்டில் கஞ்சாச் சட்டமும் நோயாளியின் தற்காப்பும்

கஞ்சா வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், அது தம் நோய்க்கு மருந்து என்று சொல்லி விடுதலை பெற முடியுமா என்ற கேள்வி இந்திய நீதிமன்றங்களில் நேராக எழுந்ததும் குறைவு, நேரான விடை பெற்றதும் குறைவு. போதைப்பொருள் வழக்குகளுக்கெனக் கோயம்புத்தூரில் இயங்கும் சிறப்பு நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு வாதம் பொட்டலத்தின் எடை, சோதனை நடந்த முறை, மாதிரி எடுத்த விதம் ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது; குற்றம் சாட்டப்பட்டவரின் உடல்நிலை பேச்சுக்கு வருவதானால் அது பிணை மனுவிலோ, தண்டனையைக் குறைக்கக் கேட்கும் கடைசிக் கட்டத்திலோதான் வருகிறது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. ஆங்கிலேயர் காலத்து ஆயத்தீர்வைச் சட்டம் தொடங்கி இன்றுவரை வந்த சட்டங்கள் பலவும் கஞ்சாவின் மருத்துவப் பயனை ஏதேனும் ஒரு மூலையில் ஒப்புக்கொண்டே வந்துள்ளன என்றாலும், அந்தப் பயனைக் கையாளும் உரிமையை வைத்தியருக்கும் மருந்து தயாரிப்பவருக்கும் உரிமம் பெற்ற வணிகருக்கும் கொடுத்துவிட்டு, மருந்தை உட்கொள்ளும் நோயாளியைப் பற்றி மௌனமாக இருந்துவிட்டன. அந்த மௌனம் எப்படி உருவாயிற்று என்பதைக் கொங்கு நாட்டை மையமாகக் கொண்டு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததும், கஞ்சாவும் அதன் பிடிக்குள் சிக்கியதும் இந்த மண்ணில்தான்.

சித்த மருத்துவ மரபில் கஞ்சாவுக்குத் தனியிடம் உண்டு. சிவமூலி, கோரக்கர் மூலி ஆகிய பெயர்களால் அது வழங்கப்பட்டது. பின்னதில் உள்ள கோரக்கர், பதினெண் சித்தர்களுள் ஒருவராக எண்ணப்படுபவர். போகரின் பெயரோடு பிணைந்த பழனியும், பாம்பாட்டிச் சித்தரின் குகை இருப்பதாகச் சொல்லப்படும் மருதமலையும் கொங்கு வட்டாரத்தில் சித்த மரபு எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்குச் சான்றாகும். நாட்டு வைத்தியர்கள் கஞ்சா இலையை அப்படியே கொடுத்ததில்லை. நச்சுத்தன்மை நீக்கும் பக்குவத்துக்குச் சுத்தி என்று பெயர். அவ்வாறு சுத்தி செய்த இலையை வேறு சரக்குகளோடு சேர்த்து லேகியமாகவோ சூரணமாகவோ மாற்றி, கழிச்சல், வயிற்று வலி, தூக்கமின்மை, உடல் வலி போன்றவற்றுக்கு அளவறிந்து கொடுப்பதே வழக்கம். இந்த மரபில் மருந்துக்கும் போதைக்கும் இடையிலான எல்லையைப் பொருள் வகுக்கவில்லை, பக்குவமும் அளவும் கொடுக்கும் கையும் வகுத்தன. பின்னாளில் வந்த சட்டம் பொருளை வைத்தே எல்லையை வகுத்தது என்பதே இரண்டுக்கும் உள்ள அடிப்படை முரண்.

மேலை மருத்துவம் இந்தச் செடியைக் கற்றுக்கொண்டது இந்தியாவில்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஐரிஷ் மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷானெஸி, நாட்டு வைத்தியர்களிடமும் பழைய நூல்களிலும் கேட்டறிந்ததை விலங்குகளிடமும் பின்னர் நோயாளிகளிடமும் சோதித்து, 1839-இல் தம் கட்டுரையை வெளியிட்டார். வில்வாத இசிப்பு, முடக்குவாதம், குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றில் கஞ்சாச் சாறு தந்த பலனை அவர் அதில் விவரித்திருந்தார். அதன் பிறகு சாராயத்தில் ஊறவைத்து வடித்த கஞ்சாச் சாறு ஐரோப்பிய மருந்துக் கடைகளில் இடம்பிடித்ததோடு, பிரிட்டிஷ் மருந்து நூலிலும் சேர்ந்து, 1932-இல் நீக்கப்படும்வரை அங்கேயே இருந்தது. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கஞ்சா நாட்டு வைத்தியரின் லேகியத்தில் மட்டுமல்ல, ஆங்கில மருந்துப் புட்டியிலும் மருந்தாகவே இருந்தது. அதை உட்கொண்டவரைக் குற்றவாளி என்று யாரும் எண்ணவில்லை.

அரசு முதலில் கண்டது குற்றத்தை அல்ல, வருமானத்தை. 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம், அதாவது மதுவுக்கும் போதைச் சரக்குகளுக்கும் ஆயத்தீர்வை விதிக்கும் சட்டம், கஞ்சாவையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. உரிமம் பெற்றவர் விற்கலாம், தீர்வை கட்டிய சரக்கை வாங்குபவர் உட்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில், வாங்குபவர் நோய்க்காக வாங்கினாரா மயக்கத்துக்காக வாங்கினாரா என்று கேட்கும் தேவை எழவில்லை. தீர்வை கட்டாத சரக்கை வைத்திருப்பதுதான் தவறு. கள்ளும் சாராயமும் தந்த வருமானத்தின் முன் கஞ்சாவின் வருமானம் சென்னை மாகாணத்தில் அற்பமே. அதனால்தான் பல மாவட்டங்களில் வீட்டுப் புறக்கடைகளில் வளர்ந்த ஓரிரண்டு செடிகளை அதிகாரிகள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

கஞ்சா மக்களைப் பைத்தியமாக்குகிறது என்ற குற்றச்சாட்டு இங்கிலாந்தில் எழுந்து, 1893 மார்ச்சில் அந்நாட்டு மக்களவையில் கேள்வியாக வந்தபோது, இந்திய அரசு கஞ்சா ஆணையம் ஒன்றை அமைத்தது. மாக்வொர்த் யங் தலைமையில் நான்கு ஆங்கிலேயரும் மூன்று இந்தியரும் கொண்ட அந்த ஆணையம், நாடெங்கும் சென்று 1,193 சாட்சிகளிடம் கேள்விகளுக்கு விடை பெற்று, 1894-இல் 3,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை அளித்தது. இந்தியாவில் போதைப்பொருள் பற்றி இன்றுவரை நடந்த விசாரணைகளில் இதற்கு நிகரான உழைப்பைக் காண்பது அரிது. மனநோய்க் காப்பகங்களின் பதிவேடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த ஆணையம், நோய்க்குக் காரணம் தெரியாதபோதெல்லாம் எழுத்தர்கள் கஞ்சா என்று எழுதிவைத்த வழக்கத்தைக் கண்டுபிடித்து, அந்தப் புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று தள்ளியது. அளவோடு உட்கொள்வதால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை என்பதும், முழுத் தடையைவிடக் கட்டுப்பாடே ஏற்றது என்பதும் அதன் முடிவுகள். வைத்தியத்தில் கஞ்சாவின் பயனைப் பற்றித் தனியே விரிவாக எழுதிய அறிக்கை, மனிதருக்கு மட்டுமன்றிக் கால்நடைகளுக்கும் அது மருந்தாகக் கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்தது.

இந்த அறிக்கையைக் கஞ்சாவுக்கு ஆதரவான ஆவணம் என்று இன்று பலர் எடுத்துக்காட்டுகின்றனர். அது பாதி உண்மைதான். சாமானியர் புறக்கடையில் வளர்த்துப் பயன்படுத்தும் பழக்கத்துக்கு முடிவு கட்டவும் இதே அறிக்கை வழிவகுத்தது. சாகுபடியைக் குறிப்பிட்ட சில இடங்களுக்குள் ஒடுக்கி, அங்கிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து உரிமக் கடைக்கும் செல்லும் ஒரே வழியை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அதன்படி சென்னை மாகாணத்தில் வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலை போன்ற சில பகுதிகளே சாகுபடிக்கு விடப்பட்டன. கொங்கு நாடு அந்தப் பட்டியலில் இல்லை. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த கொள்ளேகால் தாலுகாவின் மலைக்காடுகளாக இருந்தாலும், பவானிக்கு மேலே உள்ள மலைகளாக இருந்தாலும், அங்கே வளரும் செடி உரிமமற்ற செடி. கோயம்புத்தூர்ப் பகுதியின் வைத்தியர் தமக்குத் தேவையான இலையைக் காட்டிலிருந்து பறிப்பதற்குப் பதிலாகக் கடையிலிருந்து வாங்க வேண்டியவரானார். நோயாளிக்கும் செடிக்கும் இடையில் முதன்முதலாக ஒரு உரிமக்காரர் வந்து நின்றது இப்போதுதான்.

பன்னாட்டளவில் 1925-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் எகிப்தின் வற்புறுத்தலால் கஞ்சாவையும் அபினோடு சேர்த்தது. அதன் தொடர்ச்சியாக இந்தியாவில் 1930-இல் அபாயகர மருந்துகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கஞ்சா என்பதற்குள் இலை, சிறு தண்டு, பூத்த அல்லது காய்த்த நுனி, பிசின் ஆகிய யாவற்றையும் அடக்கியதோடு, 'மருத்துவக் கஞ்சா' என்ற சொல்லையும் வரையறுத்தது. கஞ்சாவிலிருந்து எடுத்த சத்தும் சாறும் என்று அதற்குப் பொருள். மருந்துப் புட்டியில் இருப்பது மருத்துவக் கஞ்சா, வைத்தியரின் உரலில் இருப்பது வெறும் கஞ்சா என்ற பிரிவினை இவ்வாறு சட்டத்துக்குள் நுழைந்தது. ஆங்கில மருத்துவருக்கும் மருந்தகத்துக்கும் இதனால் தொல்லை இல்லை. நாட்டு மருந்தை நம்பியிருந்த கொங்குக் கிராமத்து நோயாளிக்கு இந்தச் சலுகை எட்டியிருக்க வழியில்லை.

தீர்வை வசூலாக இருந்தது தடையாக மாறிய திருப்பம் கொங்கு நாட்டில் நிகழ்ந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்துத் தங்கிய இராஜாஜி, மதுவிலக்குக்கெனவே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். அதற்கு முன்பே, ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், ஈரோட்டைச் சேர்ந்த பெரியார் கள்ளுக்கு எதிராகத் தம் குடும்பத்தின் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார். 1937 ஜூலையில் மாகாணப் பிரதமரான இராஜாஜி, சென்னை மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றி, அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அதை நடைமுறைப்படுத்தினார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கியதாக இருந்த அந்தச் சேலத்தில்தான் மாகாணத்தின் முதல் மதுவிலக்கு தொடங்கியது. வருமான இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்ததையும், போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டதையும், விடுதலைக்குப் பின் 1948-க்குள் மாகாணம் முழுவதும் அது பரவியதையும் வரலாற்று நூல்கள் விரிவாகவே சொல்கின்றன.

அவை அதிகம் சொல்லாதது, அந்தச் சட்டத்தின் பெயரில் மது மட்டும் இருந்தாலும் அதன் உடலில் போதைச் சரக்கு என்ற தலைப்பில் கஞ்சாவும் இருந்தது என்பதாகும். மேடைகளில் பேசப்பட்டது கள்ளும் சாராயமும். குடும்பத்தை அழித்ததாகச் சொல்லப்பட்டது குடி. பெண்கள் வாழ்த்தியது கள்ளுக்கடை மூடியதை. கஞ்சாவின் மீதான தடை இந்தப் பேச்சுகளின் நிழலில், தனக்கென ஒரு வாதம்கூட வேண்டாமல், சட்டமாயிற்று. 1894-இல் ஆணையம் 1,193 பேரைக் கேட்டு ஆராய்ந்த ஒரு பொருளின் கதி, 43 ஆண்டுகள் கழித்து வேறொரு பொருளுக்கான விவாதத்தில் முடிந்துபோனது. 1971-இல் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் மீண்டும் திறந்தன. இடையில் மூடித் திறந்து, 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் உருவாகி, பிற்காலத்தில் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. மதுவுக்காகக் கொண்டுவந்த சட்டத்திலிருந்து மது விலக்குப் பெற்றுவிட்டது. கூடச் சேர்ந்த கஞ்சா விலக்குப் பெறவில்லை.

1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒற்றை ஒப்பந்தம் இந்தக் கதையின் அடுத்த கட்டம். மருத்துவம், அறிவியல் ஆகிய இரண்டைத் தவிர வேறெதற்கும் கஞ்சாவைப் பயன்படுத்தக்கூடாது என்று அது விதித்தது. வழக்கத்தில் இருந்த நாடுகளுக்கு அதைக் கைவிட 25 ஆண்டு அவகாசமும் தந்தது. இந்தியா பேசிப் பெற்ற இன்னொரு சலுகை, கஞ்சா என்பதற்கான வரையறையிலிருந்து விதையும், நுனியோடு சேராத இலையும் விலக்கப்பட்டதாகும். வட இந்தியாவில் விழாக்களில் அரைத்துக் குடிக்கும் பாங்கு இலையிலிருந்து செய்யப்படுவது என்பதே அதன் பின்னணி. அவகாசம் முடியும் தறுவாயில், 1985 நவம்பர் 14 அன்று, போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. மருத்துவக் கஞ்சா என்ற தனி வரையறை புதிய சட்டத்திலும் தொடர்ந்தது.

புதிய சட்டத்தின் 8-ஆம் பிரிவு மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விலக்களிக்கிறது. முதல் பார்வைக்கு நோயாளியின் தற்காப்பு முழுவதும் இந்தச் சொற்களில் அடங்கியிருப்பதாகத் தோன்றும். ஆனால் அதே வாக்கியம், சட்டமும் விதிகளும் அனுமதிக்கும் முறையிலும் அளவிலும் மட்டுமே அந்த விலக்கு பொருந்தும் என்றும், உரிமமோ அனுமதிச் சீட்டோ தேவைப்படும் இடத்தில் அதன் நிபந்தனைகளின்படியே பொருந்தும் என்றும் தொடர்கிறது. அதாவது மருத்துவ நோக்கம் என்பது மனத்தில் இருந்தால் போதாது, தாளில் இருக்க வேண்டும். ஒரு நோயாளி கஞ்சாப் பூவை வைத்திருக்க எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் அனுமதி கேட்பது என்பதற்கு விதி இல்லாதபோது, விலக்கு ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை ஒருமுறை தளர்த்தி, பின்னர் இறுக்கியது. ரிஷிகேஷில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை அளித்துவந்த ஒரு மையத்தில் மனமயக்க மருந்துகள் கைப்பற்றப்பட்ட வழக்கில், மருத்துவத்துக்காக வைத்திருந்த மருந்துகளுக்கு 8-ஆம் பிரிவின் தடை பொருந்தாது என்ற கருத்தை 2006-இல் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்று, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மருத்துவ நோக்கமே தற்காப்பு என்ற வாதம் இந்தியாவில் எட்டிய மிக உயர்ந்த இடம் அதுதான் எனலாம். 2014-இல் சஞ்சீவ் தேஷ்பாண்டே வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்து தவறு என்று ஒதுக்கி, மருத்துவத்துக்கானாலும் சட்டம் வகுத்த முறைக்கு உட்பட்டே எதையும் கையாள முடியும் என்று தீர்மானித்தது. கஞ்சா பற்றிய வழக்குகள் அல்ல இவை என்றாலும், அவை விளக்கியது கஞ்சாவையும் ஆளும் அதே பிரிவை.

நோய் என்ற வாதத்துக்கு இடமில்லாத நிலையில், வழக்கறிஞர்கள் சட்டத்தின் நடைமுறைப் பாதுகாப்புகளின் மீது தற்காப்பைக் கட்டியெழுப்பினர். 1985-இல் கஞ்சாக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டுவரை சிறை என்றிருந்தது, 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எடையைப் பொறுத்ததாயிற்று. ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு. அதற்கு இன்றைய தண்டனை ஓராண்டு வரையிலான கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குக் குறைந்தது பத்தாண்டு, அதிகம் இருபதாண்டு. இரண்டுக்கும் இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. வணிக அளவு வழக்கில் 37-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினாலன்றிப் பிணை தர விடுவதில்லை. பொருள் ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அறிந்தே வைத்திருந்தார் என்று 35, 54-ஆம் பிரிவுகள் அனுமானிக்கின்றன. அதைப் பொய்யென்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது.

இத்தனை கடுமைக்கு ஈடாகச் சட்டம் சில கட்டுப்பாடுகளைக் காவல் துறைக்கு விதித்தது. ஒருவரின் உடலைச் சோதிக்குமுன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று அவரிடமே சொல்ல வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதைக் கட்டாயம் என்று உறுதி செய்தது. மாதிரியை நடுவரின் முன் எடுத்துச் சான்று பெற வேண்டும் என்கிறது 52அ பிரிவு. விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் குற்ற ஒப்புதலாகச் செல்லாது என்பது, சென்னையில் தொடங்கிய தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபரில் கிடைத்த தீர்ப்பு. மகஜர் என்று வழங்கும் கைப்பற்றுதல் பட்டியலில் நேரம் பிழையாக இருந்ததா, முத்திரை சரியாக இருந்ததா என்று குறுக்கு விசாரணையில் துருவும் வழக்கறிஞர், நோயாளிக்காக வாதாடினாலும் கடத்தல்காரருக்காக வாதாடினாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார். இந்தத் தற்காப்பில் இருவரும் ஒன்றே. வெற்றி பெற்றால் இருவரும் விடுதலையாவர், தோற்றால் நோயாளிக்கு அவர் நோய் உதவாது.

பொருளின் தன்மையைப் பற்றிய வாதம் மட்டும் இதிலிருந்து சற்று வேறுபட்டது. கோவையிலும் திருப்பூரிலும் பெருந்துறையிலும் பனியன், வார்ப்பட, கட்டுமானத் தொழில்களுக்கு வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களோடு ஒரு பண்டமும் வந்தது. உருண்டையாகவோ மிட்டாயாகவோ செய்து, செரிமானத்துக்கான ஆயுர்வேத மருந்து என்று அச்சிட்ட காகிதத்தில் சுற்றிய பாங்கு அது. நாளிதழ்கள் அதைக் கஞ்சா சாக்லேட் என்று எழுதுகின்றன. ஊரில் பெட்டிக்கடையில் வெளிப்படையாக விற்றதை வாங்கிவந்த தொழிலாளி, இங்கே கைதாகும்போது அதை மருந்து என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப்படி நுனியோடு சேராத இலை கஞ்சா ஆகாது என்ற வாதம் அவருக்கு உண்டு. 2022 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம், பெங்களூரில் 29 கிலோ பாங்குடன் பிடிபட்ட பீகார்க்காரர் ஒருவருக்குப் பிணை வழங்கியபோது, வட இந்தியாவில் லஸ்ஸிக் கடைகளில் விற்கும் பானம் இது என்று குறிப்பிட்டு, அது இச்சட்டத்தின் தடைக்குள் வருவதாக அந்தக் கட்டத்தில் காட்டப்படவில்லை என்று கருதியது. தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு ஒரு தடங்கல் உண்டு. சேலத்தில் தொடங்கிய 1937-ஆம் ஆண்டுச் சட்டம் போதைச் சரக்கு என்பதற்குள் இலையையும் பாங்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. மத்தியச் சட்டத்திலிருந்து நழுவும் இலை, மாநிலச் சட்டத்தில் சிக்க இடமுண்டு. தண்டனையின் கடுமை வெகுவாகக் குறையும் என்பது ஆறுதல். குற்றமே இல்லை என்றாகாது.

பெரிய தீங்கைத் தவிர்க்கச் சிறிய குற்றத்தைச் செய்தவரைத் தண்டிக்கலாகாது என்ற அவசியத் தற்காப்பு வேறு நாடுகளில் நோயாளிகளுக்குக் கைகொடுத்ததுண்டு. 1976-இல் வாஷிங்டன் நகர நீதிமன்றம், கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்துகொண்டிருந்த ராபர்ட் ராண்டலை, தம் கண்ணைக் காக்கவே கஞ்சா வளர்த்தார் என்று ஏற்று விடுவித்தது. 2000-இல் கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், வலிப்பு நோயாளியான டெரன்ஸ் பார்க்கர் வழக்கில், மருத்துவ விலக்கு இல்லாத தடை அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்ததால், அரசு நோயாளிகளுக்கு விதி வகுக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்து 2005-இல் இதே வாதத்தை மறுத்தது; அதே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கலிபோர்னியாவின் அனுமதி கூட்டரசுச் சட்டத்தைத் தடுக்காது என்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவாக இருந்து இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவாக உள்ள விதியிலும் இந்தத் தற்காப்பின் சாயல் உண்டு. நீண்ட கால நோய்க்கு அதை நீட்டிப் பொருத்துவது எளிதன்று. உடனடி ஆபத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி அது.

நோயாளியைப் பற்றி 1985-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் பேசவில்லை என்று சொல்வதும் சரியாகாது. சிறு அளவோடு பிடிபட்ட போதை அடிமை, தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால், 64அ பிரிவு அவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. தண்டனை பெறும் கட்டத்தில் 39-ஆம் பிரிவு அவரைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எனவே புற்றுநோய் வலியாலோ நரம்பு இசிவாலோ துன்புறும் ஒருவர் இந்தச் சட்டத்தில் நோயாளியாகக் கருதப்பட வேண்டுமானால், முதலில் தம்மை அடிமை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கொடுமையான நிபந்தனை இது. நோயைத் தீர்த்த பொருளையே நோய் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த முட்டுக்கட்டையை உடைக்க முடியும் என்பதற்கு மார்ஃபின் சாட்சி. 1985-க்குப் பின் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிமங்களுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. அபின் விளையும் நாட்டில் புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தனர். கேரளத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் வலி தணிப்பு மருத்துவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக, 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற புதிய வகையை உருவாக்கி, அவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே விதியைக் கொண்டுவந்தது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துகள் அதில் இடம்பெற்றன. கஞ்சாச் சத்து இடம்பெறவில்லை.

இன்று நடைமுறையில் எஞ்சியிருப்பது ஆயுஷ் எனப்படும் மரபு மருத்துவ வழி ஒன்றே. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் கீழ் உள்ள நச்சுச் சரக்குகளின் பட்டியலில் கஞ்சாச் செடியும் உள்ளதால், உரிமம் பெற்ற நிறுவனம் இலையிலிருந்து செய்யும் மருந்து, மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையோடு விற்கப்படலாம். விஜயா என்ற ஆயுர்வேதப் பெயரில் இத்தகைய தைலங்கள் சில ஆண்டுகளாக மருத்துவச் சீட்டின் பேரில் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் கோவை நோயாளி ஒருவர் மருத்துவச் சீட்டையும், விலைச் சீட்டையும், தயாரிப்பு உரிம எண் உள்ள மேலுறையையும் பத்திரப்படுத்துவது நல்லது; வழக்கு என்று வந்தால், சட்டம் கேட்கும் தாளாக அவரிடம் இருப்பவை அவை மட்டுமே. கைதானவர் எவராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், காவலில் உள்ளவர் என்ற ஒரே காரணத்தால் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அவருக்கு இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை தருகிறது. கோயம்புத்தூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை இதற்கு அணுகலாம்.

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், கஞ்சாவை மிக ஆபத்தான, மருத்துவப் பயன் அரிதான பொருட்களின் பட்டியலிலிருந்து 27-க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் நீக்கியபோது, இந்தியாவும் நீக்க வேண்டும் என்றே வாக்களித்தது. உள்நாட்டில் அதற்கேற்ற விதி எதுவும் அதைத் தொடர்ந்து எழுதப்படவில்லை. அதை எழுத நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பிசின் நீங்கலாகக் கஞ்சாவின் சாகுபடி, உடைமை, கொள்முதல், உட்கொள்ளல் ஆகியவற்றை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 10-ஆம் பிரிவு மாநில அரசுக்கே அளித்திருக்கிறது. சேலத்தில் 1937-இல் தடையை முதலில் கொண்டுவந்தது மாநில அரசு. எந்த நோய்க்கு, யார் எழுதிய சீட்டின் பேரில், எவ்வளவு வைத்திருக்கலாம் என்று நோயாளிக்கான விதியை வகுக்க வேண்டியதும் அதே அரசுதான்.